கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே: மூல அறுவை முறைகளை ஒப்பிட்டுப் பார்த்த கதை

மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் டாக்டர் ஒரு குழாய் வரைந்தார். கீழ் முனை ஆசனவாய், மேலே போவது மலக்குடல். ஆசனவாய் விளிம்பிலிருந்து சுமார் 2 செ.மீ. உள்ளே தள்ளி, ரம்பப் பல் மாதிரி ஒரு குறுக்குக் கோடு. "இந்தக் கோட்டுக்கு மேல கட்டினாலும் வெட்டினாலும் உங்களுக்கு அவ்வளவா வலி தெரியாது. கீழ தொட்டா வலிக்கும். யார் எந்த ஆபரேஷன் பேரைச் சொன்னாலும், முதல்ல இதுல எங்க கை வைக்கப் போறீங்கனு கேளுங்க" என்றார். அந்தச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதற்கு முன் ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்ததில் கிடைக்காத தெளிவு அந்த ஒரு கோட்டில் கிடைத்தது.

அந்த ஒரு மாதத்தில் லேசர், ஸ்டேப்ளர், டாப்ளர் என்று ஏழெட்டுப் பெயர்களைப் படித்துவிட்டேன். எல்லாப் பெயருக்கும் எதிரே ஒரே மாதிரி வாக்குறுதி: வலி கிடையாது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், திரும்ப வராது. எல்லாமே அப்படி என்றால் எதற்கு இத்தனை முறைகள் என்ற கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நாலு வருஷம் யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொரு முறையும் கழிவறையில் விரலால் உள்ளே தள்ளிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வெளியே வந்து சிரித்துப் பேசியவன் நான். இப்போது அதே நிலையில் உட்கார்ந்து பெயர்களைப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூலம் என்பது என்ன என்று சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எந்த ஒப்பீடும் புரியாது. அது புதிதாக முளைத்த கட்டி கிடையாது. ஆசனவாய்க்குள் ரத்தக் குழாய்களும் மெல்லிய தசை நாரும் சேர்ந்த மூன்று மெத்தைகள் எல்லோருக்கும் உண்டு, பிறந்த குழந்தைக்கும் உண்டு. மல்லாந்து படுத்திருப்பவரைக் கால்பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத்தில் 3, 7, 11 மணி இருக்கும் இடங்களில் அவை இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. வாயு எது, நீர் எது, மலம் எது என்று பிரித்து உணரவும் கசியாமல் மூடிவைக்கவும் அவை வேண்டும். சும்மா இருக்கும்போது ஆசனவாயை மூடிவைக்கும் அழுத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் இந்த மெத்தைகளால் வருகிறது. முக்கி முக்கி, வருஷக்கணக்கில் இறுக்கமான மலம் உரசி உரசி, மெத்தையைப் பிடித்து வைத்திருக்கும் நார்கள் நைந்துபோகும்போது மெத்தை கீழே சரிகிறது. 1975-இல் தாம்சன் என்ற அறுவை மருத்துவர் விளக்கிச் சொன்ன இந்தச் சரிவுக் கருத்தைத்தான் இன்றைக்கும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இது தெரிந்தபின் எனக்கு ஒரு பயம் போனது, ஒரு பயம் வந்தது. கேன்சர் மாதிரி வேரோடு பிடுங்கி எறிய வேண்டிய பொருள் இல்லை என்பது நிம்மதி. ஆனால் அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. 1882-இல் வைட்ஹெட் என்ற ஆங்கிலேய மருத்துவர் சுற்றிவர முழு வளையமாகவே வெட்டி எடுக்கும் முறையைச் சொன்னார். நிறையப் பேருக்கு உள்ளே இருக்க வேண்டிய ஈரச் சவ்வு வெளியே வந்து ஒட்டிக்கொண்டு எப்போதும் கசிந்தது, சிலருக்கு ஆசனவாயே சுருங்கிப்போனது. அந்தக் கோளாறுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். மூல அறுவையின் வரலாறே, எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்கிற தேடல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, எனக்கு என்ன நிலை என்று பார்ப்போம். ரத்தம் மட்டும் வந்தால் முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டு. விரலால் தள்ள வேண்டியிருந்தால் மூன்று. தள்ளினாலும் நிற்காவிட்டால் நான்கு. நான் மூன்றில் இருந்தேன், அதோடு வெளிப்பக்கம் தோல் மடிப்புகளும் தொங்கின. இந்த இரண்டாவது விஷயம்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது. எத்தனையாவது நிலை என்று எல்லோரும் கேட்கிறார்கள், வெளிமூலமும் சேர்ந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ரத்தம் வந்தாலே மூலம்தான் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. மலக்குடல் புற்றுநோயும் அதே மாதிரி ரத்தம் காட்டும், மூலம் இருக்கிற ஒருவருக்கே அதுவும் கூட இருக்கலாம். என் வயதையும் ரத்தத்தையும் பார்த்துவிட்டு டாக்டர் முதலில் கொலனோஸ்கோபிக்குத்தான், அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்குத்தான், எழுதிக்கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது, மூலத்துக்கு வந்தால் எதற்கு இது என்று. இப்போது, அதை எழுதாத டாக்டராக இருந்தால் நான் அவரை நம்பியிருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

அறுவைக்கு முன்னால் ரப்பர் வளையம். இது அறுவை சிகிச்சை கிடையாது, மயக்க மருந்தும் வேண்டாம். கோட்டுக்கு மேலே மூலத்தின் அடியில் ஒரு குட்டி ரப்பர் வளையத்தை மாட்டுகிறார்கள், ரத்த ஓட்டம் நின்று அது சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளில் தானாக உதிர்ந்துவிடுகிறது. எனக்கு இரண்டு முறை மாட்டினார்கள். ஒருநாள் முழுக்க அடிவயிற்றில் இறுக்கமாக ஒரு கனம், உடனே மலம் வருவது போன்ற உணர்வு, அவ்வளவுதான். பத்து மாதம் நன்றாக இருந்தேன். அப்புறம் மீண்டும் விரல். வெளியே இருந்த தோலை அது தொடவே இல்லை, தொடவும் முடியாது. கோட்டுக்குக் கீழே வளையம் மாட்டினால் உயிர் போகிற வலி வரும்.

ஆனாலும் வளையத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டும் டாப்ளர் கருவியை வைத்து மூலத்துக்கு வரும் தமனிகளைக் காதால் கேட்டுக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகத் தையல் போட்டுக் கட்டும் முறை ஒன்று இருக்கிறது, 1995-இல் ஜப்பானின் மொரினாகா கொண்டுவந்தது. வெட்டே இல்லை, எல்லாம் கோட்டுக்கு மேலே. இப்போது அதோடு சேர்த்து, சரிந்த சவ்வையும் மடித்துத் தைத்து மேலே தூக்கிவிடுகிறார்கள். இந்த டாப்ளர் முறையையும் வளையத்தையும் பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 372 பேரிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டு, 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் வளையம் போட்டவர்களில் 49 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, டாப்ளரில் 30. இதோடு நிறுத்தினால் டாப்ளர்தான் ஜெயித்தது என்று தோன்றும். ஆனால் வளையத்தை இன்னொரு தடவை போட்டுக்கொள்வதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ணிக் கணக்கிட்டபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோனது. டாப்ளரில் முதல் நாட்களில் வலி கூடுதல், செலவும் கூடுதல். இரண்டாம் நிலையில் இருக்கும் ஒருவர் பொறுமையாக இரண்டு மூன்று முறை வளையம் போட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை என்பது என் எண்ணம்.

இனி வெட்டி எடுப்பது. 1937-இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகனும் மார்கனும் எழுதிய முறைதான் இன்றும் மற்ற எல்லா முறைகளையும் வைத்து அளக்கும் அளவுகோல். மூலத்தை வெளித் தோலோடு சேர்த்து முக்கோணமாகப் பிரித்து எடுத்து, மேலே ரத்தக் குழாய் வரும் அடிப்பகுதியைக் கட்டிவிட்டு, புண்ணைத் தைக்காமல் அப்படியே திறந்து விடுவார்கள். மூன்று புண்களுக்கும் நடுவே தோல் பாலங்களைக் கண்டிப்பாக விட்டுவைக்க வேண்டும், அந்தப் பாலங்களிலிருந்துதான் புதுத் தோல் வளர்ந்து மூடும். பாலம் இல்லாமல் எடுத்தால் வடு சுருங்கி வாய் குறுகிவிடும். முடிவில் பார்க்கும்போது மூன்று இலை சேர்ந்த தழை மாதிரி இருந்தால் பிரச்சினை தீர்ந்தது, அடுக்கு அடுக்காக டாலியாப் பூ மாதிரி இருந்தால் தோல்விதான் என்று அறுவை மருத்துவர்கள் சொல்லிக்கொள்வார்களாம். ஆற நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

1950-களில் அமெரிக்காவில் பெர்குசன் அதே வெட்டை வெட்டிவிட்டு, கரைந்துபோகும் நூலால் புண்ணைத் தைத்து மூடினார். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மூடியதில் வலி கொஞ்சம் குறைவு, ஆறுவது வேகம், அறுவை அரங்கில் ஆகும் நேரம் சற்று அதிகம். திரும்ப வருவதில் பெரிய வித்தியாசமில்லை. தையல் நடுவில் விட்டுப்போவதும் உண்டு. அப்படி விட்டுப்போனால் அது திறந்த புண்ணாகவே ஆறும், பயப்பட வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் லிகாஷ்யூர், ஹார்மானிக் மாதிரிக் கருவிகள். ரத்தக் குழாயைச் சூட்டால் ஒட்டி மூடிக்கொண்டே வெட்டுகின்றன. ரத்தம் குறைவு, நேரம் குறைவு, ஆரம்ப நாட்களில் வலியும் குறைவு. ஆனால் இவற்றைத் தனி முறை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். எடுக்கப்படுவது அதே சதை, அதே இடம், கத்திதான் வேறு.

ஸ்டேப்ளர் அப்படி இல்லை, அது யோசனையே வேறு. இத்தாலியின் லோங்கோ 1998-இல் சொன்னது இது. மூலத்தை வெட்டவே வேண்டாம், அது சரிந்துதானே இருக்கிறது, மேலே இழுத்து நிறுத்துவோம் என்றார். கோட்டுக்கு நன்றாக மேலே, உள்சவ்வில் சுற்றிவர ஒரு சுருக்குத் தையல் போட்டு, 33 மி.மீ. குறுக்களவுள்ள வட்ட ஸ்டேப்ளரை உள்ளே விட்டு இயக்கினால், ஒரு வளையச் சவ்வு வெட்டுப்பட்டு வெளியே வரும், அதே நொடியில் இரண்டு விளிம்புகளும் டைட்டானிய முள்களால் தைக்கப்பட்டுவிடும். கீழே தொங்கியது மேலே போய்விடும். வலி தெரியும் பகுதியில் புண்ணே இல்லை. கேட்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது!

என் அக்கா இதைத்தான் செய்துகொண்டாள். ஒன்பதாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். நான் அறுவைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது போன் செய்து, "உனக்கு என்னடா பைத்தியமா, எதுக்கு வெட்டிக்கப் போற, நான் எப்படி இருக்கேன் பாரு" என்று சண்டை போட்டாள். அப்போது அவளுக்கு முடிந்து ஏழு மாதம். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் ஏழு மாதம் என்பது இந்த முறையை எடைபோடப் போதாது. பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 777 பேரை வைத்து ஸ்டேப்ளரையும் பழைய வெட்டு முறையையும் ஒப்பிட்டார்கள், இதுவும் 2016 லான்செட்தான். முதல் ஆறு வாரம் ஸ்டேப்ளர் செய்துகொண்டவர்களுக்கு வலி குறைவு, ஆனால் இரண்டு வருஷம் கழித்துக் கேட்டபோது ஸ்டேப்ளரில் 42 சதவீதம் பேரும் வெட்டில் 25 சதவீதம் பேரும் திரும்ப வந்துவிட்டதாகச் சொன்னார்கள். மொத்தமாக வாழ்க்கைத் தரத்தைக் கணக்கிட்டபோதும் பழைய முறைதான் முன்னால் நின்றது. இதோடு, அரிதாகத்தான் என்றாலும், ஸ்டேப்ளருக்கென்றே சில பெரிய ஆபத்துகள் உண்டு: மலக்குடலில் ஓட்டை, இடுப்புக்குள் கடுமையான சீழ்த்தொற்று, பெண்களுக்கு மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே வழி விழுவது. மலம் வந்தால் அடக்கவே முடியாத அவசரம் சிலருக்குப் பல மாதம் நீடிக்கிறது. வலி இல்லை என்று சொல்லும் அதே மூச்சில் இதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

லேசருக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். லேசர் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, மெல்லிய இழையை மூலத்துக்குள் நுழைத்து, பெரும்பாலும் 1470 நானோமீட்டர் ஒளியால் உள்ளேயே சூடாக்கிச் சுருங்கவைப்பது. ஊசி நுழைந்த அளவுக்குத்தான் புண், வலி நிஜமாகவே குறைவு, இரண்டு மூன்றாம் நிலையில் பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எடுக்கப்படாத சதை அங்கேயேதான் இருக்கிறது, வெட்டி எடுப்பதை விடத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று, லேசரைக் கத்தியாக வைத்துக்கொண்டு வழக்கம்போல வெட்டி எடுப்பது. கோட்டுக்குக் கீழே தோலை வெட்டினால் அது எஃகுக் கத்தியாக இருந்தாலும் ஒளிக் கத்தியாக இருந்தாலும் நரம்புக்கு ஒன்றுதான். அதனால் லேசர் என்று சொன்னவுடன் தலையாட்டாமல், "உள்ளே விட்டுச் சுருக்கப் போறீங்களா, இல்ல லேசரால வெட்டப் போறீங்களா?" என்று கேட்க வேண்டும். நான் ஓர் இடத்தில் இதைக் கேட்டேன். அங்கே எனக்கு அதுவரை விளம்பரத் தாளை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தவர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினார். எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு வெளித் தோலும் சேர்ந்து தொங்கியதால் தூக்கி நிறுத்துவதோ சுருக்குவதோ பாதிக் காரியம்தான் செய்திருக்கும். 7 மணியிலும் 11 மணியிலும் இருந்த பெரிய இரண்டையும் டாக்டர் வெட்டித் தைத்தார், 3 மணியில் இருந்த சிறியதற்கு அதே மயக்கத்திலேயே ரப்பர் வளையம் போட்டுவிட்டார். மூன்றையும் வெட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, விட்டுவைத்த தோல் இருந்தால்தான் பிற்காலத்தில் குறுகாது என்றார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. அன்று ராத்திரி வலியை விடச் சிறுநீர்தான் என்னைப் படுத்தியது, வயிறு உப்பிக் கல்லாக நிற்கிறது, ஒரு சொட்டு வரவில்லை. ஒரு தடவை குழாய் விட்டு எடுத்தார்கள். இந்த அறுவைக்குப் பிறகு இது அடிக்கடி நடப்பதுதான், முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் காலை மலம் வந்தது. மலமிளக்கி, நார்ச்சத்துப் பொடி, தண்ணீர் எல்லாம் சொன்னபடி எடுத்திருந்தேன், அதனால் இளகித்தான் வந்தது. இருந்தாலும் பக்கத்திலிருந்த வாஷ்பேசின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிஷம் இருக்கும். வெளியே வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே அந்த விளிம்பின் அச்சு சிவந்து ஆழமாகப் பதிந்திருந்தது, சாயங்காலம் வரை மறையவில்லை. உடனே போய் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த நொடியில் உள்ளே இறுகிப் பிடித்திருந்த சுருக்குத் தசை ஒரு விரல் கழன்ற மாதிரி மெல்ல விடுவது தெளிவாகத் தெரிந்தது. பாதி வலி புண்ணுடையது, மீதி அந்தத் தசைப் பிடிப்புடையது. அதைத் தளர்த்தத்தான் டில்டியாசெம் களிம்பு கொடுத்திருந்தார்கள், மெட்ரோனிடசோல் மாத்திரையும் வலியைக் கொஞ்சம் குறைக்கும் என்று சேர்த்திருந்தார்கள். நாலாம் நாள் கொஞ்சம் குறைவு, ஐந்தாம் நாள் அதிலும் குறைவு. பயந்து போய் மலத்தை அடக்கிவைப்பதுதான் இதில் செய்யக்கூடிய பெரிய தவறு.

எட்டாம் நாள் தொட்டித் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. ஏழு முதல் பத்து நாளுக்குள், மூலத்தின் அடிப்பகுதியில் போட்ட கட்டு உதிரும் சமயத்தில், ரத்தம் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். உறையாக உறையாக வந்தால் அல்லது நிற்காமல் ஓடினால் நேரம் பார்க்காமல் வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். போன் செய்தேன், படுத்தேன், ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது. மூன்றாவது வாரம் வேலைக்குப் போனேன். ஆறாவது வாரம் துடைத்த காகிதம் வெள்ளையாக இருந்தது, ரொம்ப நாளில் முதல் தடவை. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது எனக்கு மூன்று வருஷம் ஆகிறது. விரலுக்கு வேலை இல்லை. அக்காவுக்கு இரண்டாம் வருஷ முடிவில் திரும்ப இறங்க ஆரம்பித்தது. போன மாதம்தான் சொன்னாள், அதுவும் சமையலறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து. நான் அந்தச் சீட்டை எடுத்து வந்து காட்டினேன். மேசையில் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கோட்டின் மேல் விரலை வைத்து, "எனக்கு இப்ப இறங்கியிருக்கறது இதுக்கு மேலயா கீழயாடா?" என்று கேட்டாள்.

"பார்த்தாத்தான் தெரியும்க்கா. வியாழக்கிழமை நானும் வரேன்" என்றேன். சீட்டை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.